ஒரு ஹைபிரிட், இரண்டு பழைய கார்கள்: சென்னை – ஊட்டி மைலேஜ் குறிப்புகள்

வியாழன்: வடபழனியிலிருந்து சேலம் வரை

எங்கள் வீட்டில் இருப்பது டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் கார்; பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. அதற்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். தம்பியிடம் இருப்பது 2010-ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் 16-க்குக் குறையாது என்பது அவன் வாதம். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் உண்மையில் எவ்வளவு என்று வீட்டில் பேசிப் பேசித் தீராமல் போனதால், குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவது என்று முடிவானவுடன், இரண்டு வண்டிகளையும் எடுத்துக்கொண்டு வழியெல்லாம் அளந்து பார்த்துவிடலாம் என்று புறப்பட்டோம். சேலத்தில் தாய்மாமா தம்முடைய 2013-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டிசையர் டீசலோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

அளக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் டேங்க்கை நிரப்புவோம். நாசில் தானாக ‘டக்’ என்று நின்ற இடத்தோடு நிறுத்திக்கொள்வோம். வழக்கமாகப் பங்க் ஊழியர்கள் “ஜீரோ பார்த்துக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டு, நாசில் நின்ற பிறகும் தொகையை முழு ரூபாயாக்க இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். சில வாடிக்கையாளர்கள் வண்டியையே ஆட்டி ஆட்டி நிரப்பச் சொல்வார்கள். இப்படிச் செய்தால் அரை லிட்டர், முக்கால் லிட்டர் வித்தியாசம் சாதாரணமாக வந்துவிடும். முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அரை லிட்டர் பெரிய பிழையில்லை. ஐம்பது கிலோமீட்டர் கட்டத்தில் அதே அரை லிட்டர் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும். ஆகையால் குறுகிய கட்டங்களுக்கு நான் தரும் எண்களைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். காரின் திரையில் தெரியும் சராசரியை நம்பவில்லை. பெரும்பாலும் அது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கூட்டித்தான் காட்டுகிறது. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன்பே சரிபார்த்தோம். ஓட்டுநரின் கால் பழக்கம் கணக்கில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தேநீர் நிறுத்தத்திலும் வண்டிகளை மாற்றிக்கொண்டோம்.

சான்றளிக்கப்பட்ட 27.97 என்ற எண்ணைப் பொய் என்று சொல்வதற்கில்லை. அது வேறொரு சாலையின் எண். இந்தியாவில் இந்தச் சான்றிதழுக்கான சோதனை, ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, 1,180 விநாடிகளுக்கு வகுக்கப்பட்ட ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்ப்பது. அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான், பெரும்பகுதி நகர ஓட்டத்தைப் போல நின்று நின்று கிளம்புவது, ஏசி போடுவதில்லை, ஏற்றமும் எதிர்க்காற்றும் கிடையாது. நின்று கிளம்புவது அதிகம் என்பதாலேயே அந்த அட்டவணை ஹைபிரிடுக்குச் சாதகமாக அமைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நகரப் போக்குவரத்தையும் அளக்க வேண்டும் என்பதால், விடியற்காலையில் கிளம்பித் தப்பித்துக்கொள்ளாமல், வேண்டுமென்றே காலை எட்டரை மணிக்கு வடபழனியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். கிண்டி, பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஜிஎஸ்டி சாலையின் அத்தனை நெரிசலையும் தாண்டிச் செங்கல்பட்டை அடைந்தபோது இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. தூரம் 55 கிலோமீட்டர். அங்கே நிரப்பியதில் ஹைபிரிட் இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், சிட்டி ஐந்து லிட்டரும் குடித்தன. அதாவது ஒன்று லிட்டருக்கு 23, மற்றொன்று 11. இந்தப் பயணம் முழுவதிலும் இரண்டு பெட்ரோல் வண்டிகளும் இவ்வளவு தூரம் விலகி நிற்கப் போவது இந்த நெரிசலில் மட்டும்தான் என்பது அப்போது தெரியாது.

காரணம் எளிது. ஏசி போட்டபடி சிக்னலில் நிற்கும் பெட்ரோல் எஞ்சின், ஓர் அங்குலம்கூட நகராமல் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரை எரிக்கிறது. அதுவும் பெரிய நஷ்டமில்லை. நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், அந்த வேகத்தையெல்லாம் பிரேக் தட்டுகளில் வெறும் சூடாகக் கரைப்பதில்தான் பெட்ரோல் போகிறது. ஹைபிரிட் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறது. ஏசியின் கம்ப்ரஸரை பேட்டரியே சுழற்றுகிறது. பிரேக்கை மெதுவாக மிதித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்புகிறது. பல்லாவரம் மேம்பாலத்துக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தபோது திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்: சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓர் அம்பு, பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு ஓர் அம்பு, எஞ்சின் படம் பெரும்பாலான நேரம் இருண்டே கிடந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரி இறங்கிவிடும். எஞ்சின் மெல்ல உறுமிச் சற்று நேரம் ஊட்டிவிட்டு மறுபடி அடங்கும்.

ஒரு விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. ‘ஹைபிரிட்’ என்ற பட்டை ஒட்டிய எல்லா வண்டியும் இப்படி ஓடாது. ‘மைல்டு ஹைபிரிட்’ என்பவற்றில் ஒரு சிறு மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. நான் எழுதுவதெல்லாம், மோட்டார் தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ பற்றி மட்டுமே.

செங்கல்பட்டைத் தாண்டியதும் கதை மாறிவிட்டது. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம்: ஏறத்தாழ 280 கிலோமீட்டர். முடிந்தவரை 90, 95 என்ற வேகத்திலேயே போனோம். சேலத்தில் நிரப்பியபோது ஹைபிரிடுக்கு 21, சிட்டிக்கு 16-க்குச் சற்று மேல். தம்பி தன் வாதத்தை நிரூபித்துவிட்ட மகிழ்ச்சியில் இரண்டாவது காபி வாங்கிக் கொடுத்தான். ஆனாலும், முன்பெல்லாம் இதே சாலையில் 17-க்கு மேல் கிடைத்தது என்றும், இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகே குறைந்தது என்றும் அவனுக்கு ஒரு குறை உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; இருபது சதவீதம் கலந்தால் மொத்த ஆற்றலில் ஏழு சதவீதம் அளவுக்குக் குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே, பழைய எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று ஒப்புக்கொள்கிறது. 17 இன்று 16 ஆனதற்கு வண்டியின் வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வெள்ளி: சேலம் – அவிநாசி – மேட்டுப்பாளையம் – ஊட்டி

மாமாவின் டிசையர் இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்; 1248 சிசி. தமிழ்நாட்டில் கால் டாக்ஸி ஓட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த எஞ்சினைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வார்கள். வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் வண்டிகளை நிறுத்திக்கொண்டது. மாமா அதை இன்னும் ஒரு துக்கச் செய்தியைப் போலவே சொல்கிறார்.

இன்று மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்ககிரி, பவானி, பெருந்துறை வழியாக அவிநாசிக்குப் போய், அங்கிருந்து கோயம்புத்தூருக்குள் நுழையாமல் அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் பிடித்தோம். எல்லோரும் 80-ஐத் தாண்டுவதில்லை என்று பேசிவைத்திருந்தோம்; பின்னால் வந்த ஆம்னி பேருந்துகளின் ஹாரன் எங்கள் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் நிரப்பியபோது வந்த கணக்கு: ஹைபிரிட் 24, டீசல் 23-க்கு மேல், சிட்டி 18. பதின்மூன்று வயதான ஒரு சிறு டீசல் கார், புத்தம் புதிய ஹைபிரிடுக்குத் தோளோடு தோள் நிற்கிறது. டீசலின் விலை பெட்ரோலைவிட லிட்டருக்கு எட்டு ரூபாய் போலக் குறைவு என்பதையும் சேர்த்தால், இந்த 165 கிலோமீட்டருக்கு மிகக் குறைவாகச் செலவழித்தவர் மாமாதான்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. நாற்கரச் சாலையில் பிரேக் பிடிப்பதே அரிது. பிரேக் பிடிக்காத வண்டியில் மோட்டாருக்கு மீட்டெடுக்க எதுவும் இல்லை. அங்கே ஹைபிரிட் என்பது சிக்கனமான ஒரு பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொண்டு, கூடவே பேட்டரியையும் மோட்டார்களையும் சுமந்துகொண்டு போகும் வண்டி மட்டுமே. அந்த எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குவதால், எரிந்த வாயு விரிவதற்குக் கூடுதல் இடம் கிடைத்து, அதே பெட்ரோலில் சற்று அதிக வேலை வாங்குகிறது. சிட்டியைவிட அது முந்துவது அதனால்தான். டீசல் எஞ்சினோ பிறவியிலேயே சிக்கனமானது: அதன் அழுத்த விகிதம் அதிகம், காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் இழப்பும் குறைவு, ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றலும் பெட்ரோலைவிட அதிகம். ஆனால் புகைக் கணக்கில் பழைய டீசலைப் பாராட்ட எனக்கு மனமில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளை பிஎஸ்6 விதிகள் எவ்வளவு இறுக்கின என்பதைப் பார்த்தால், மாமாவின் சிக்கனத்துக்கான விலையில் ஒரு பகுதியைச் சாலையோரத்தில் நிற்பவர்களே கொடுக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மதியம் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுவிட்டு மலையேற்றம். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் பாக்குத் தோப்புகள், பர்லியாறு, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், குன்னூர், பிறகு ஊட்டி. தூரம் ஐம்பது கிலோமீட்டர் போல. உயரமோ சுமார் 330 மீட்டரிலிருந்து 2,240 மீட்டர் வரை.

ஹைபிரிட் மலையேறும்போது என்ன செய்யும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்து எங்கள் வண்டி 1,600 கிலோ இருக்கும். அதை 1,900 மீட்டர் உயர்த்த, உராய்வு எதையும் கணக்கில் எடுக்காமலே, எட்டு யூனிட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். வீட்டு மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்தான். ஒரு லிட்டர் இ20 பெட்ரோலில் எட்டு யூனிட்டுக்குச் சற்று அதிகமான ஆற்றல் இருந்தாலும், சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது நல்ல எஞ்சினிலும் மூன்று யூனிட் அளவே. ஆக, உயரத்துக்கு மட்டுமே இரண்டே முக்கால் லிட்டர் போயாக வேண்டும். எந்தத் தொழில்நுட்பமும் அதில் தள்ளுபடி தராது. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே முக்கால் யூனிட்தான். குன்னூருக்கு வெகு கீழேயே அது தன் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டது. அதன்பின் எஞ்சின் உரத்த குரலில் ஒரே சுருதியாகப் பாடிக்கொண்டு வந்தது. கியர் மாறும் ஓசையே இல்லாத அந்த முழக்கம் காதுக்கு இனிமையாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஊட்டியில் நிரப்பியபோது ஹைபிரிட் பதினொன்றைத்தான் தாண்டியிருந்தது. சிட்டிக்கு எட்டரை. டீசலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. டர்போ உள்ள டிசையர் தனக்கு வேண்டிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்கிறது. மற்ற இரண்டு எஞ்சின்களுக்கும் அந்த வசதி இல்லாததால் வெலிங்டனைத் தாண்டிய ஏற்றங்களில் மூச்சு வாங்கின. மறுபடியும் நினைவூட்டுகிறேன்: இது குறுகிய கட்டம், அரை லிட்டர் பிழைக்கு இடம் உண்டு.

சனி: ஊட்டிக்குள்

இன்று அதிக ஓட்டமில்லை. தாவரவியல் பூங்கா, சேரிங் கிராஸ், ஏரி, மறுபடியும் சேரிங் கிராஸ். எங்கு போனாலும் ஊர்வலம் போலத்தான் நகர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நெரிசலில் ஹைபிரிட் சென்னையில் காட்டிய அதே எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்த்தேன். ஏசியும் தேவைப்படாத குளிர், இன்னும் கூடுதலாகக்கூட வரலாம். வந்ததோ 17.

குளிர்தான் காரணம். காலையில் விடுதி வாசலில் பொத்தானை அழுத்தியதும், பேட்டரியில் மின்சாரம் இருந்தும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிஸ்ட் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும். எஞ்சின் எண்ணெயும் சூடாக வேண்டும். ஆகவே முதல் சில நிமிடங்கள் எஞ்சின் ஓடியே தீரும். அதோடு பின்னிருக்கையில் அம்மாவுக்காக ஹீட்டர் வேறு போட்டிருந்தோம். ஹீட்டருக்குச் சூடு வருவது எஞ்சின் தண்ணீரிலிருந்துதான். தண்ணீர் ஆறினால் ஹீட்டருக்காகவே எஞ்சின் கிளம்பும். இரண்டு கிலோமீட்டர் போய் ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் போகிற நாளில், எஞ்சின் சூடாகி அடங்குவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. சிட்டிக்கும் இதே தண்டனை உண்டு. அது ஒன்பதில் நின்றது. மாமா தம் வண்டியை எடுக்கவே இல்லை; பார்க்கிங் கட்டணத்தைக் கேட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

மாலையில் வர்க்கியும் தேநீருமாக உட்கார்ந்தபோது, நான் இதுவரை வந்த எண்களை வேறொரு விதமாக எழுதிப் பார்த்தேன். நம் ஊரில் மைலேஜை ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்றே பேசுகிறோம். ஐரோப்பாவில் ‘நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்’ என்று எழுதுவார்கள். இரண்டாவது முறையில் எழுதினால்தான் பணம் எங்கே போகிறது என்பது தெரிகிறது. ஜிஎஸ்டி சாலை நெரிசலில் நூறு கிலோமீட்டருக்கு சிட்டி 9.1 லிட்டர், ஹைபிரிட் 4.3 லிட்டர், மிச்சம் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. செங்கல்பட்டு – சேலம் சாலையில் சிட்டி 6.1, ஹைபிரிட் 4.8, மிச்சம் ஒன்றேகால் லிட்டர் அளவுதான். 16-க்கும் 21-க்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் என்று கேட்கும்போது அது பெரிதாகத் தோன்றுகிறது. லிட்டராக மாற்றினால் ஒரு பாட்டில் தண்ணீர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஹைபிரிட் வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது விளம்பரத்தில் உள்ள எண்ணை அல்ல, தம்முடைய மாத ஓட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்வது என்பதைத்தான். இந்தப் பயணத்தில் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது இதுதான்.

ஞாயிறு: கோத்தகிரி வழியாக இறக்கம், பிறகு சேலம்

சீசன் காலத்தில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுகிறார்கள். தொட்டபெட்டா சந்திப்பு வரை சற்று ஏறி, பிறகு தேயிலைத் தோட்டங்களின் நடுவே கோத்தகிரி. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓயாத இறக்கம்.

ஏறும்போது செலவான எட்டு யூனிட்டையும் இறங்கும்போது ஹைபிரிட் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று தம்பி நம்பியிருந்தான். அவ்வளவு பெரிய பாத்திரம் அதனிடம் இல்லை. இறக்கத்தில் கிடைப்பதில் ஒரு பகுதி காற்றைக் கிழிப்பதிலும் டயர் உருள்வதிலும் போக, மிஞ்சுவதுகூடப் பேட்டரியின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு. கோத்தகிரியைத் தாண்டிச் சில வளைவுகளிலேயே திரையில் பேட்டரிக் கோடுகள் உச்சிக்குப் போய்விட்டன. அதன் பிறகு மின்சாரத்தை வைக்க இடமில்லாததால், வண்டி தன் எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமலேயே சுழற்றி, வேகத்தைக் குறைக்கும் தடையாகப் பயன்படுத்திக்கொண்டது. கியர் நெம்புகோலை ‘B’ என்ற இடத்தில் (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல) வைத்தால் இந்தத் தடை கூடும்; மலையிறக்கத்துக்கென்றே கொடுக்கப்பட்டது அது. இடையிடையே வரும் சமதளத் துண்டுகளில் பேட்டரி சற்று இறங்கி, அடுத்த சரிவில் மீண்டும் நிரம்பும். மீட்டெடுக்க முடிவது அவ்வளவே.

கோத்தகிரியில் நிறுத்தியபோது மாமாவுக்கும் எனக்கும் ஒரு சிறு தகராறு. “இறக்கத்துல எதுக்குப்பா கியர்? நியூட்ரல்ல விட்டா வண்டி தானா உருளும், எண்ணெய் மிச்சம்” என்றார் அவர். கார்புரேட்டர் காலத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள எந்த வண்டியிலும், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஐடிலுக்கு (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் குறைந்த வேகம்) அருகில் வரும் வரை எரிபொருள் முற்றிலும் நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் தேவைப்படுகிறது. மிச்சமாவதாக நினைக்கிற இடத்தில்தான் செலவாகிறது; போதாததற்கு முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்து, தட்டுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும் ஆபத்தும் சேர்கிறது. நான் சொன்னதை மாமா ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. “இரண்டாவது கியர்லயே வாங்க மாமா” என்று அத்தையும் தம்பியும் சேர்ந்து சொன்னதால் இசைந்தார்.

இதன் விளைவு மேட்டுப்பாளையத்தில் தெரிந்தது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தும் மூன்று வண்டிகளும் மிகக் குறைவாகவே குடித்திருந்தன: ஹைபிரிட் ஒன்றரை லிட்டர் போல, சிட்டி இரண்டரை, டீசல் இரண்டுக்குள். இவ்வளவு சிறிய அளவுகளை லிட்டருக்கு இத்தனை என்று வகுத்துப் பெருமைப்படுவதில் பொருளில்லை. ஊட்டியிலிருந்து இறங்கும்போது எடுத்த திரைப் படத்தை வைத்துக்கொண்டு ‘என் வண்டி 50 கொடுக்கிறது’ என்று நண்பர்களுக்கு அனுப்புபவர்கள், ஏறும்போது திரை காட்டிய எண்ணையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து சேலம் வரை வேறு பரிசோதனை. வெள்ளிக்கிழமை 80-இல் வந்த அதே சாலையில் இன்று 100-ஐ ஒட்டியே ஓட்டினோம். ஹைபிரிட் 24-இலிருந்து 19-க்கு இறங்கியது. சிட்டி 18-இலிருந்து 15-க்கு. டீசல் 23-இலிருந்து 20-க்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்கு கூடும்போது எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. எங்கள் ஹைபிரிட் உயரமான உடல்வாகு கொண்டது. தாழ்ந்த கூரையுள்ள சிட்டியைவிடக் காற்றுக்கு அதிகமாக மார்பு காட்டுகிறது. ஆகவே வேகம் கூடக்கூட அது இழப்பதும் கூடுதல். எந்த வண்டி வாங்கினாலும் சரி, வலது காலைச் சற்று அடக்கிக்கொண்டால் செலவில்லாமல் கிடைக்கும் மைலேஜ் இது. எங்களுக்கு மிச்சமான நேரமோ அரை மணிதான்.

திங்கள்: சேலம் – சென்னை

மாமா சேலத்தில் விடைபெற்றுக்கொண்டார். திரும்பும் வழியில் எழுதுவதற்கு அதிகமில்லை. தலைவாசல் அருகே மழை. ஈரச் சாலையில் மைலேஜ் சற்று இறங்குவது இயல்பு. செங்கல்பட்டு வரை ஹைபிரிட் 20, சிட்டி பதினைந்தரை. பரனூரைத் தாண்டியதும் மாலை நேரத்து வழக்கமான தேக்கம். வடபழனி வந்து சேர மறுபடியும் இரண்டு மணி நேரம் ஆனது, எண்களும் போகும்போது வந்தவைதான்.

மொத்தப் பயணம் 1,140 கிலோமீட்டர் அளவு. எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் ஹைபிரிடுக்கு 55 லிட்டருக்குச் சற்று மேல், சிட்டிக்கு 77 லிட்டர். சராசரி முறையே இருபதரை, பதினைந்துக்குச் சற்றுக் கீழே. 22 லிட்டர் வித்தியாசம், இன்றைய விலையில் 2,200 ரூபாய் போல. நகரத்துக்குள் மட்டும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் 47 லிட்டர் மிச்சமாகியிருக்கும். என் மனைவி தினமும் வடபழனியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வருகிறார். மாதம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும், அத்தனையும் நெரிசல். ஆகவே எங்கள் வீட்டில் ஹைபிரிட் தன் விலையின் கூடுதல் பங்கை மாதந்தோறும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தம்பி வேலைக்கு மின்சார ரயிலில் போகிறவன். சிட்டியை வெளியே எடுப்பது வாரக் கடைசியில் விழுப்புரம் போய்வர மட்டும். அவனுக்கு மாதத்தில் மிச்சமாவது எங்கள் வீட்டில் மிச்சமாவதைவிடக் குறைவு. அதற்காகப் பல லட்சம் போட்டுப் புதிய வண்டி வாங்குவதைவிட, நான்கு டயர்களை மாற்றிவிட்டு இதையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறான்; கணக்குப்படி அது சரியான முடிவுதான்.

இரவு மாமா தொலைபேசியில் அழைத்தார். பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவதும் ஐந்து ரோட்டுப் பக்கம் போய்வருவதுமாகச் சேலத்துக்குள் ஓடும்போது தம் டிசையர் 14-ஐத் தாண்டுவதில்லை என்பதை இப்போதுதான் ஒப்புக்கொண்டார். பழைய ஹைபிரிட் ஒன்றை வாங்கலாமா, பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். இந்த வண்டியின் ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு; 2022-இல் வந்த முதல் வண்டிகளுக்கு ஆண்டுக் கணக்கில் 2030 வரை அது நீடிக்கும். டாக்ஸியாக ஓடிக் கிலோமீட்டரைத் தாண்டிவிட்ட வண்டியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் பதிவேட்டை முழுதாக வாங்கிப் பாருங்கள், பின்னிருக்கைப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருந்தால் அது தூசியடைத்துக் கிடக்கிறதா என்று கவனியுங்கள் என்று சொல்லிவைத்தேன். விலை விசாரித்துவிட்டு மறுபடி அழைப்பதாகச் சொன்னார்.